இஆர்பி ஏன் படுத்துவிடுகிறது? ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்

கேள்வி: "பல லட்சம் செலவு செய்து எங்கள் நிறுவனத்தில் இஆர்பி (பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், அக்கவுன்ட்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) போட்டோம். ஒரு வருடம் ஆகியும் எல்லோரும் எக்செல்லில்தான் வேலை பார்க்கிறார்கள். இந்த மாதிரித் திட்டங்கள் ஏன் தோற்கின்றன, மேலே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?"

நீங்கள் அநேகமாக மேனேஜர் நாற்காலியில் இருப்பவர். "எல்லோரும் எக்செல்லில்தான்" என்று எழுதியிருக்கிற தொனியே சொல்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த "எல்லோரும்" கூட்டத்தில் இருந்தவன் நான், அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், அதாவது சரக்குக் கிடங்குக்குப் பொறுப்பு. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். எங்களுக்கும் இஆர்பி வந்தது. அதை நடத்தக் கோர் டீம் என்று ஒரு குழு போட்டார்கள். அக்கவுன்ட்ஸ், பர்ச்சேஸ், ஐடி எல்லாரும் அதில் உண்டு. ஸ்டோர்ஸிலிருந்து ஒருத்தரும் கிடையாது, ஐட்டம் லிஸ்ட்டை எக்செல்லில் அனுப்பு என்று ஒரு மெயில் மட்டும் வந்தது. கோ-லைவுக்கு, அதாவது புது சிஸ்டத்தை ஓட்ட ஆரம்பிப்பதற்கு, எப்படி நாள் பார்த்தார்கள் தெரியுமா? விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஆரம்பித்தார்கள். சாமி நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை, எனக்கும் உண்டு. ஆனால் தீபாவளி சீசனில் வண்டி விற்பனை உச்சத்தில் இருக்கும், டிஸ்பாட்ச் (சரக்கை அனுப்பும் வேலை) மூச்சு விடாமல் ஓடும், அந்த நேரத்தில் சிஸ்டம் மாற்றுவது நல்ல நேரமா?

நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு 20 எம்எம் விட்டமுள்ள பிரைட் பார் என்ற எஃகுக் கம்பி, 3 மீட்டர் ராடாக வரும். வாங்குவது கிலோவில், வெட்டி எடுப்பது பீஸ் கணக்கில். எடைக்கு டி ஸ்கொயர் பை 162 (எம்எம் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுப்பது) என்று ஒரு கணக்கு உண்டு, மீட்டருக்கு 2.47 கிலோ, ஒரு ராட் சுமார் 7.4 கிலோ. பீஸ் நீளம் 65 எம்எம். டிராயிங்கைப் பார்த்து பீஸ் எடையைப் போட்டால் ஒரு ராடில் 46 பீஸ் வரவேண்டும். இஆர்பி போட வந்த கன்சல்டன்ட் அதைத்தான் சிஸ்டத்தில் ஏற்றினார். ஆனால் பேண்ட்சா (கம்பி வெட்டும் ரம்ப மெஷின்) பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் தின்னும், இரண்டு மூன்று எம்எம் தூளாகப் போகும், கடைசியில் ஒரு துண்டு மிஞ்சும். நிஜத்தில் 44தான் வரும். ஸ்கிராப் சதவீதம், அதாவது எவ்வளவு வீணாகும் என்று, போடுவதற்கென்றே ஸ்கிரீனில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் பூஜ்யம் இருந்தது.

ராடுக்கு இரண்டு பீஸ்தானே என்று தோன்றும். டன் கணக்கில் வெட்டிப் பாருங்கள். ஒரு ராடில் 46 பீஸ் என்று நினைத்துச் சிஸ்டம் குறைவாகக் கழிக்கும், அதனால் ரேக்கில் ராட் காலி, சிஸ்டத்தில் மட்டும் சரக்கு இருக்கிறது. சரக்கு இருப்பதாகச் சிஸ்டம் நம்புவதால் பர்ச்சேஸ் ஆர்டர் போடச் சொல்லாது. நான் முன்கூட்டியே கன்சல்டன்ட்டிடம் சொன்னேன். "சைன்-ஆஃப் ஆகிவிட்டது சார், சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடுங்கள்" என்றார். ஒப்புதல் கையெழுத்து ஆனபின் மாற்றம் கேட்டால் அதுதான் சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதற்குத் தனிக் காசு, மேலே ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி மெஷின் நின்றது, ஒரகடத்திலிருந்து கஸ்டமரின் உற்பத்தி லைன் நிற்கப்போகிறது என்று போன் மேல் போன், பக்கத்து யூனிட்டில் கைமாற்றாக ராட் வாங்கி ஒப்பேற்றினோம். அடுத்த வாரம் ரிவ்யூ மீட்டிங்கில் ஸ்லைடு போட்டார்கள். காரணம்: யூசர் ரெசிஸ்டன்ஸ், பயன்படுத்துகிறவரின் எதிர்ப்பு. அதாவது நான்.

"இவர் கம்ப்யூட்டர் தெரியாத பழைய ஆள்" என்று கமென்ட் எழுதப் போகிறவர்களுக்கு: டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் வருடக்கணக்காக ஸ்டாக் பார்த்தவன் நான். ஐடி நண்பர்களும் சண்டைக்கு வரவேண்டாம், என் தங்கை மகனே ஓ.எம்.ஆரில்தான் இருக்கிறான். சாஃப்ட்வேர் மோசம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சரக்கைக் கையால் தொடுகிறவனைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்கிறேன்.

பெரிய கம்பெனிகளிலும் இந்தக் கதைதான். அமெரிக்காவில் ஹெர்ஷே சாக்லேட் கம்பெனி, நான்கு வருடம் ஆகும் என்ற வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கச் சொல்லி, 1999 ஜூலையில் எஸ்ஏபி என்ற இஆர்பி உட்பட மூன்று மென்பொருள்களைச் சேர்த்து ஓட்டியது. எதிரே ஹாலோவீன், அவர்களுக்கு மிட்டாய் சீசன். சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. சீசனில் சரக்கு நெருக்கினால் அங்கங்கே கிடைத்த இடத்தில் அடுக்கி வைப்பது அவர்கள் வழக்கமாம், அந்த இடங்கள் சிஸ்டத்தில் ஏறவே இல்லை. எங்களுக்கு நேர் தலைகீழ்: அங்கே சரக்கு இருந்தது, சிஸ்டத்துக்குத் தெரியாது. அந்த மூலைகள் எங்கே என்று கிடங்கு ஆளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கன்சல்டன்ட்களுக்கு கிண்டி ஓட்டலிலிருந்து தினமும் ஏசி கார். அதே வருடம்தான் செலவைக் குறைக்கிறோம் என்று இரண்டாம் ஷிப்ட் வேனை நிறுத்தினார்கள். நடு ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற பையன்கள் அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் நடந்தார்கள், மழை நாளில் எஸ்டேட் ரோடு எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தோம், இன்றுவரை பதில் இல்லை.

சரி, தலைமை என்ன செய்யலாம்? எங்களுக்குப் புதிதாக ஒரு ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) வந்தார். முதல் வாரமே பேண்ட்சா பக்கத்தில் தராசோடு நின்றுவிட்டார். ஒரு ராடை எடை போட்டு, வெட்டச் சொல்லி, பீஸ்களையும் மிஞ்சிய துண்டையும் தனித்தனியாக எடை போட்டு, ஆபரேட்டரைப் பார்த்து "எப்பவும் இப்படித்தானா தம்பி?" என்று கேட்டார். மீட்டிங் மீட்டிங்காகப் பேசியும் புரியாதது அங்கே டீ ஆறுவதற்குள் புரிந்தது. இஆர்பியில் புரொடக்‌ஷன், குவாலிட்டி பகுதிகளை நிறுத்தி வைத்தார். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச் மூன்று மட்டும் ஒழுங்காக ஓடட்டும் என்றார். ஆபரேட்டர் ஒப்புக்கொள்ளாத அளவு எதுவும் சிஸ்டத்தில் ஏறக்கூடாது என்றார். தினமும் சில ஐட்டங்களை எண்ணிச் சரிபார்க்கிற வழக்கம் அப்போது வந்ததுதான்.

2013 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்க அரசு திறந்த மருத்துவக் காப்பீட்டு இணையதளமும் முதல் நாளே படுத்தது, அன்று வெறும் 6 பேர்தான் பதிவு செய்ய முடிந்தது. காப்பாற்ற வந்த குழுவில் கூகுளிலிருந்து வந்த மைக்கி டிக்கர்சன் என்பவர் தினசரிக் கூட்டத்துக்கு ஒரு விதி போட்டார்: பதவியில் பெரியவர் பேச வேண்டாம், விஷயம் தெரிந்தவர் பேசட்டும். எங்கள் ஜி.எம். அதைப் படித்தாரோ இல்லையோ, செய்தது அதைத்தான்.

ஆனால் எல்லாவற்றையும் கீழே தள்ளிவிடவும் முடியாது. நம் பழக்கத்தை மாற்றுவதா, சாஃப்ட்வேரை மாற்றுவதா என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் கடைகள் ஸ்டாக்கைக் கொள்முதல் விலையில் கணக்கு வைப்பவை, எஸ்ஏபி சாஃப்ட்வேரின் வழக்கமோ விற்பனை விலை. பழக்கத்தை விடாமல் சாஃப்ட்வேரைத் திருத்திக்கொண்டே போய், 2011-ல் ஆரம்பித்ததை 2018-ல் கைவிட்டார்கள். போனது சுமார் 50 கோடி யூரோ என்று செய்தி வந்தது.

உங்கள் ஆட்கள் ஏன் எக்செல்லை விடவில்லை என்று கேட்டீர்களே. எங்கள் எம்.டி.க்கு (நிர்வாக இயக்குநர்) காலையில் பழைய ஃபார்மட்டில் ஸ்டாக் ரிப்போர்ட் வேண்டும். அது இஆர்பியில் வராது, அதனால் இரண்டையும் ஓட்டினோம். ஜி.எம். நேராகப் போய்ப் பேசி அந்த ரிப்போர்ட்டை நிறுத்திய பிறகுதான் எக்செல் ஒழிந்தது. உங்கள் எம்.டி. மேஜைக்கு வருகிற ரிப்போர்ட் எங்கே தயாராகிறது என்று நாளைக்கே விசாரியுங்கள். அதுவும் எக்செல் என்றால், பையன்களைத் திட்டுவதற்கு முன்னால் அவரிடம் பேசிப் பாருங்கள். பேச முடியாத ஆள் என்றால் கமென்டில் சொல்லுங்கள், சமாளிக்க ஓரிரு வழி இருக்கிறது, அதைப் பொதுவில் எழுத முடியாது.