குறுங்கவிதை எழுதும் நண்பர்கள் ஒருவரையொருவர் உண்மையாக ஊக்கப்படுத்துவது எப்படி?

கோலாலம்பூரில் நீங்கள் ஆறு பேர் மாதந்தோறும் கூடிக் குறுங்கவிதைகளைப் படித்துக் காட்டுவதாகவும், எதைப் படித்தாலும் ‘அருமை’ என்ற ஒரே சொல் பதிலாக வருவதால் இருவர் எழுதுவதையே நிறுத்திவிட்டதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் இதே போன்றதொரு வட்டத்தில் பல ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நான் அங்கே முதன்முதலில் படித்த கவிதை, பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வரும் பெர்ரியைப் பற்றியது.

ஆள் இறங்கிய பின்னும்
பெர்ரியில் திரும்பிப் போகிறது
ஒரு குடை
என் தனிமையைப் போல

வட்டத்தின் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நாங்கள் அவரை ஐயா என்றே அழைப்போம். அவர் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. என் தாளைக் கேட்காமல், கேட்ட நினைவிலிருந்தே முதல் மூன்று வரிகளை நிதானமாகத் திருப்பிச் சொன்னார். ‘ஒரு குடை’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். நான்காவது வரி மிகை என்பது அந்த மௌனத்தில் எனக்கே விளங்கிவிட்டது. என் வரிகள் இன்னொருவர் நினைவில் ஒரே கேட்பில் தங்கிவிட்டன என்ற மகிழ்ச்சியும், எதை வெட்ட வேண்டும் என்ற தெளிவும் சேர்ந்தே கிடைத்தன. அன்று முதல் எங்கள் வழக்கம் இதுதான்: கருத்துச் சொல்ல விரும்புகிறவர் முதலில் அந்தக் கவிதையைப் பார்க்காமல் திருப்பிச் சொல்ல முயல வேண்டும். எந்தச் சொல்லில் தடுமாறுகிறாரோ அந்தச் சொல்லை எழுதியவர் தாமாகவே மறுபடி பார்த்துக்கொள்வார். மூன்று நான்கு வரிகளுக்கு மேல் போகாத கவிதை என்பதால்தான் இது கைகூடுகிறது. நெடுங்கவிதைக்கு இந்த வழி உதவாது.

குறுங்கவிதை என்பது தொடக்கத்திலிருந்தே தனியாளின் கலையாக மட்டும் இருக்கவில்லை. பாரதியார் 1916-ஆம் ஆண்டிலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் குறுங்கவிதையைப் பற்றி எழுதினார். அந்த ஹைக்கூவின் மூலமே, பலர் கூடி ஒருவர் பின் ஒருவராகக் கண்ணி கோக்கும் தொடர்கவிதையின் முதற்கண்ணிதான். நம் பக்கத்தில், ஒருவர் பாட மற்றவர் பாட்டாலேயே பதில் சொல்லும் எசப்பாட்டு இருக்கிறது. நாம் வாழும் இந்த மண்ணில் பந்துன் என்னும் மலாய்க் கவிதை வடிவம் இருக்கிறது. நான்கு வரிகளில் முதலிரண்டு வரிகள் ஒரு காட்சியை நிழலாகக் காட்ட, பின்னிரண்டு வரிகள் பொருளைச் சொல்லும். மலாய்க்காரர் திருமண வீடுகளில் ஒருவர் பந்துன் சொன்னால் எதிர்த்தரப்பார் பந்துனிலேயே மறுமொழி தருவார்கள். மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து விண்ணப்பித்து, 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் அது இடம்பெற்றபோது, எங்கள் வட்டத்திலும் அப்படியொரு வழக்கத்தைத் தொடங்கினோம்: பிடித்த கவிதைக்குப் பாராட்டுரை வேண்டாம், அடுத்த மாதம் ஒரு மறுமொழிக் கவிதையோடு வாருங்கள் என்று. ஒருவருடைய மூன்று வரிக்காக இன்னொருவர் ஒரு மாதம் யோசித்து வருவதைவிடப் பெரிய மரியாதை எழுதுகிறவருக்கு வேறு இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

மரபுக்கவிஞர்களுக்கு மட்டும் சிறிது வேறுபாடு தேவைப்படும். குறள் வெண்பா ஏழே சீர்தான். அதில் ஒரு தளை, அதாவது சீருக்கும் சீருக்கும் உள்ள ஓசை இணைப்பு, தட்டினாலும் தேர்ந்த காதுக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் அதைச் சபையில் உரக்கச் சொல்லாமல், தேநீர் இடைவேளையில் அருகில் அமர்ந்து சொல்லுங்கள்.

எழுதுவதை நிறுத்திய இருவரைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கெடா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்த அக்கா ஒருவர் எட்டு மாதங்கள் எங்கள் வட்டத்திற்குக் கேட்பதற்காக மட்டுமே வந்தார். ‘ஏன் எழுதவில்லை’ என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. மற்றவர்களுடைய வரிகளைத் திருப்பிச் சொல்லும் முறை வரும்போது மட்டும் அவரும் சொல்லுவார். ஒன்பதாம் மாதம் கைப்பையிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தார்.

பெரட்டில் கூப்பிட்ட பெயர்களில்
அம்மாவின் பெயர் மட்டும்
கடைசி வரை தவறாகவே

படித்து முடித்ததும், ‘பெரட்டு’ கொச்சைச் சொல்லோ, மாற்றிவிடட்டுமா என்று அவரே தயங்கினார். எங்களில் இளையவரான கல்லூரி மாணவர் ஒருவர், “பெரட்டு என்றால் என்ன அக்கா?” என்று கேட்டார். விடியுமுன் இருட்டில் பால்மரத் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதையும், தன் அம்மா தவறான பெயருக்கே ஆண்டுக்கணக்காக ‘இருக்கேன்’ என்று குரல் கொடுத்ததையும் அவர் அரைமணி நேரம் சொன்னார். சொல் அப்படியே இருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னோம். அந்த அரைமணிப் பேச்சிலிருந்தே அவருடைய அடுத்த நான்கு கவிதைகள் வந்தன.

ஆகவே உங்கள் நண்பர்கள் இருவரையும் அடுத்த கூட்டத்திற்கு வெறுங்கையோடு வரச் சொல்லுங்கள். அவர்கள் முன்பு எழுதியவற்றில் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும் ஒரு வரியை, அவர்கள் வந்து அமர்ந்ததும் சொல்லிக் காட்டுங்கள்.