சட்டம் கையைக் கட்டியதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அடிமை முறை பற்றிய கட்டுரையில் நீதிமன்றங்களை ஒரே பத்தியில் கடந்துவிட்டீர்கள். நான் சட்டம் படிக்கிறேன். எனக்குத் தெரிந்தது, அடிமையாக இருந்த ட்ரெட் ஸ்காட் விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில் 1857இல் வந்த தீர்ப்பு மட்டும்தான். அடிமை முறையை எழுதிவைத்தவை சட்டமன்றங்கள். நீதிபதி அதை மீற முடியுமா? அவர்களைக் குறை சொல்வது நியாயமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்பதை அந்த நீதிபதிகளே தங்கள் தரப்பு வாதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662இலேயே வர்ஜீனியா சட்டம் போட்டுவிட்டது. மறுபாதி தெரிய வேண்டுமானால், சட்டம் வாய் திறக்காத இடங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

முதலில் வட கரோலினா உச்ச நீதிமன்றத்தின் 'ஸ்டேட் எதிர் மேன்' (1829). எலிசபெத் ஜோன்ஸ் என்பவருக்குச் சொந்தமான லிடியா என்ற பெண், ஒரு வருட வாடகைக்கு ஜான் மேனிடம் விடப்பட்டிருந்தார். ஏதோ சிறு தவறுக்காக மேன் தண்டிக்கத் தொடங்க, லிடியா ஓடினார். நிற்கச் சொன்னான், நிற்கவில்லை. சுட்டான், அவர் காயமடைந்தார். அரசே வழக்குப் போட்டது. மேனுக்கு இருப்பது வாடகைதாரரின் உரிமை மட்டுமே, தண்டனை கொடூரமானது, தவறுக்கு மிஞ்சியது என்று பட்டால் அவன் குற்றவாளி என்று விசாரணை நீதிபதி ஜூரிக்கு விளக்கினார். ஜூரியும் குற்றவாளி என்றே சொன்னது.

மேல்முறையீட்டில் நீதிபதி தாமஸ் ரஃபின் அதைப் புரட்டிப்போட்டார். எஜமான் தன் அடிமையைத் தாக்கலாம் என்று தீர்ப்பெழுத எந்தச் சட்டமும் ரஃபினைக் கட்டாயப்படுத்தவில்லை. தந்தையும் பிள்ளையும், ஆசிரியரும் மாணவரும், முதலாளியும் தொழில் பழகுபவரும் என்று, தீர்ப்புகளால் வளர்ந்த பொதுச் சட்டத்தில் ஒப்பிடத் தக்க உறவுகள் இருந்தன. அங்கெல்லாம் அளவு மீறிய அடி குற்றம். ரஃபின் அவற்றைத் தள்ளினார். அந்த உறவுகளின் நோக்கம் பிள்ளையை ஆளாக்குவது, இங்கே நோக்கம் எஜமானின் லாபம் என்றார். அடிமையின் பணிவு முழுமையாக வேண்டுமானால் எஜமானின் அதிகாரத்துக்கு எல்லை இருக்கக்கூடாது என்றார். வாடகைக்கு எடுத்தவனுக்கும், எடுத்த காலம் வரை, அதே அதிகாரம்.

இந்த விதியின் கடுமையைத் தான் உணர்வதாகவும் அவர் எழுதினார். அதைப் படித்து அவருக்காகப் பரிதாபப்படுபவர்கள் உண்டு. ரஃபின் அடிமைகளை வைத்திருந்தவர், அடிமை வியாபாரத்தில் கூட்டாளியாகவும் இருந்தவர். என் பரிதாபம் அவ்வளவு தூரம் போகாது.

நீதிபதிகள் தாங்களே விடுதலையை மறுத்த இன்னொரு வழி சாட்சிய விதி. சுதந்திரப் பெண் ஒருத்தியின் வம்சம் என்று நிரூபித்தால் விடுதலை கிடைக்கும். ஆனால் அந்த மூதாதை இறந்து பல தலைமுறை ஆகியிருக்கும்; மிஞ்சியது பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களின் சாட்சியம்தான். விடுதலை கேட்ட மிமா குவீன் என்ற பெண்ணின் வழக்கில் (1813) அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், மூதாதை சுதந்திரமானவர் என்பதற்குச் செவிவழிச் சாட்சியம் செல்லாது என்று அந்தக் கதவைச் சாத்தினார். வம்சாவளிக்கும் நில எல்லைக்கும் அதே சாட்சியம் செல்லும். நில எல்லைக்கே ஏற்கும்போது மனிதரின் விடுதலைக்கு ஏற்க இன்னும் வலுவான காரணம் உண்டு என்று மாறுபட்டவர் நீதிபதி டுவால் ஒருவர்தான்.

இனி நீங்கள் அறிந்த ட்ரெட் ஸ்காட். வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த அந்தத் தீர்ப்புக்கு முன் மிசௌரி மாநிலத்தில் நடந்ததைப் படியுங்கள். அடிமை முறை இல்லாத மண்ணில் எஜமான் குடியிருத்தினால் அடிமைக்கு விடுதலை என்று 1824 முதலே அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவந்தது. 1836இல் ரேச்சல் என்ற பெண் இதே வாதத்தில் வென்றார். அவரை அடிமை முறை இல்லாத மண்ணிலிருந்த ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கொண்டுபோனவர் ராணுவ அதிகாரி. ஸ்காட்டும் அதே கோட்டையில் ராணுவ மருத்துவர் ஒருவரிடம் இருந்தவர். 1847இல் அவர் தோற்றது ஒரு நுணுக்கத்தில்: தன்னை அந்த மருத்துவரின் மனைவி எமர்சன் அம்மையார்தான் அடிமையாக வைத்திருக்கிறார் என்பதற்கு அவர் கொண்டுவந்த சாட்சி, விவரம் மனைவி சொல்லித் தெரிந்தது என்றுவிட்டார். ஆதாரம் போதாது, ஆகவே அவர் அந்த அம்மையாரிடமே அடிமையாகத் தொடர்ந்தார்! 1850இல் மறுவிசாரணை, ஜூரி விடுதலை தந்தது. 1852இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. காலம் முன்போல் இல்லை என்று காரணத்தை வெளிப்படையாகவே எழுதினார் நீதிபதி வில்லியம் ஸ்காட். இருபத்தெட்டு ஆண்டு முன்தீர்ப்புகளைத் தூக்கியெறிந்தவர் கை கட்டப்பட்டவரா?

1857இல் தலைமை நீதிபதி டேனி, கறுப்பர் யாரும் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது, நாடு உருவானபோதே அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை என்றார். ஏழு பேர் ஒரு பக்கம், மறுபக்கம் இருவர். அவர்களில் கர்ட்டிஸ் எழுதியதை முழுதாகப் படியுங்கள். நாடு உருவான அந்தக் காலத்திலேயே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர் வாக்களித்தார்கள் என்று பட்டியலிடுகிறார். அவற்றில் வட கரோலினாவும் ஒன்று. அதற்கு அவர் காட்டும் சான்றுகளில் 1838இன் 'ஸ்டேட் எதிர் மேனுவல்' இருக்கிறது. விடுதலை பெற்ற கறுப்பர் அந்த மாநிலக் குடிமகனே என்று அதில் எழுதியவர் வில்லியம் காஸ்டன். அதே வட கரோலினா உச்ச நீதிமன்றம். அப்போது அதன் தலைமை நீதிபதி ரஃபின்.