பருவத் தேர்வுப் பாடங்களும் லடாக் பயணமும்

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தரவு அறிவியலில் மேற்படிப்பு என் இலக்கு. ஜூலையில் தொடங்கும் பருவத்தில், செப்டம்பரில் மூன்று வாரம் லடாக் செல்லவும் விரும்புகிறேன். பாடங்களை எப்படித் தேர்வு செய்வது?
- கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் வருகைப்பதிவைக் கணக்கிடுங்கள். 15 வாரப் பருவத்தில் மூன்று வாரம் என்பது ஐந்தில் ஒரு பங்கு. 75 விழுக்காடு கட்டாயம் என்றால், பிறகு காய்ச்சல் போன்றவற்றுக்கு விடுப்பு எடுக்க ஒரு வாரம்கூட மிஞ்சாது. ஆகவே ஆய்வகப் பாடங்களை இயன்றவரை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.

விருப்பப் பாடம் ஒன்றை என்பிடெல் (ஐஐடிகள் உள்ளிட்டவை நடத்தும் இணையவழிப் பாடத் திட்டம்) வழியாகப் படிப்பதே உங்களுக்குப் பொருந்தும் என்பேன். 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளின் சராசரியே 25 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுவதால், பயண வாரங்களைத் தவறவிட்டாலும் பெரிய இழப்பில்லை. ஆனால் 75 மதிப்பெண் தேர்வை, குறித்த நாளில் மையத்துக்கு நேரில் சென்றே எழுத வேண்டும் என்பதால், அந்தத் தேதியைப் பார்த்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள். புள்ளியியல் சார்ந்த பாடமானால் மேற்படிப்புக்கும் உதவும். அதன் கிரெடிட்டைக் கல்லூரி ஏற்குமா என்பதைத் துறைத்தலைவரிடம் பதிவுக்கு முன்பே எழுத்தில் பெற்றுவிடுங்கள். வாய்மொழி உறுதி போதாது.

லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் இயங்காது. அங்கிருந்தே ஒப்படைப்புகளை அனுப்பலாம் என்று நம்பிச் செல்லாதீர்கள்.