ஒப்புதல் ஆச்சு, காசு எங்க?
நகர மன்றம் நிதி ஒதுக்குறதைப் பத்தி வாசகர் கேள்விகள்

கேள்வி: போன வருஷம் எங்க நகர மன்றத்துல நூலகக் கட்டடத்துக்கு நிதி ஒப்புதல் ஆயிடுச்சுன்னு செய்தி வந்துச்சு. இன்னும் ஒரு செங்கல் கூட வைக்கல. அந்தக் காசு எங்க போச்சு?

பதில்: பெரும்பாலும் எங்கயும் போயிருக்காது, ஏன்னா அது இன்னும் கிளம்பவே இல்ல. மன்றம் ஒப்புதல் கொடுக்குறதுன்னா இந்த வேலைக்கு இவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்னு அனுமதி கொடுக்குறது, அவ்வளவுதான், காசை எண்ணி மேஜை மேல வைக்குறது கிடையாது. அதுக்கப்புறம் டிசைன் போடணும், எஸ்டிமேட் போடணும், டெண்டர் விடணும், வந்த விலை ஒதுக்குன தொகைக்குள்ள அடங்குதான்னு பாக்கணும், அடங்கலைன்னா திரும்ப மன்றத்துக்கே வரணும், எல்லாம் சரியா இருந்தாதான் கான்ட்ராக்டருக்கு ஒர்க் ஆர்டர் போகும். நிறைய திட்டம் டெண்டர்லதான் மாட்டிக்கும், எஸ்டிமேட் போட்ட நாளுக்கும் டெண்டர் திறக்குற நாளுக்கும் நடுவுல சிமெண்ட் விலை, இரும்பு விலை, கூலி எல்லாம் ஏறிடும்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஒப்புதல் ஆன தொகை முழுக்க மன்றத்தோட சொந்தக் காசா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஒரு பங்கு மேல இருக்குற அரசாங்கத்தோட மானியமா இருக்கும், ஒரு பங்கு கடனா இருக்கும், அதுல ஒண்ணு வரலைன்னாலும் மொத்தமும் நின்னுடும். அதனால "காசு எங்க போச்சு"ன்னு கேக்காதீங்க, அதுக்கு யார் வேணாலும் என்ன வேணாலும் பதில் சொல்லலாம். "ஒர்க் ஆர்டர் கொடுத்த தேதி என்ன?"ன்னு எழுத்துல கேளுங்க. தேதி இருந்தா சொல்லியாகணும், இல்லைன்னா எந்தப் படியில நிக்குதுன்னு சொல்லியாகணும்.

கேள்வி: புதுப் பூங்காவுக்குப் பெரிய தொகை ஒதுக்குறாங்க, இருக்குற பூங்காவுல உடைஞ்ச ஊஞ்சலை மாத்தக் காசில்லைன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒரே மன்றம்தானே?

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துற விஷயம் இது. மன்றம் ஒண்ணுதான், ஆனா பை ரெண்டு. ஒண்ணு மூலதனச் செலவு, அதாவது கட்டடம், பாலம், குழாய் மாதிரி பல வருஷம் நிக்குற சொத்துக்கு. இன்னொண்ணு அன்றாடச் செலவு, சம்பளம், கரண்ட் பில், ரிப்பேர், குப்பை அள்ளுறது எல்லாம் அதுலதான் வரும். கடன் வாங்குன காசும் பெரும்பாலான மானியமும் முதல் பைக்குத்தான் வரும், அதை எடுத்து ரெண்டாவது பைல போடக் கூடாதுன்னு விதி இருக்கும். அந்த விதி தேவையானதுதான்.

ஏன்னு கேட்டா நியூயார்க்கைப் பாருங்க. அந்த நகரம் 1960கள்ல இருந்தே அன்றாடச் செலவைக் கொஞ்சம் கொஞ்சமா மூலதனக் கணக்குல காட்டி, குறுகிய காலக் கடன் மேல கடன் வாங்கி சமாளிச்சுக்கிட்டு வந்துச்சு, 1975ல வங்கிகள் இனிமே கடன் கிடையாதுன்னு சொன்னதும் நகரம் திவாலாகுற நிலைக்குப் போயிடுச்சு. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போச்சு, நகரத்தோட செலவைக் கண்காணிக்க மாநில அரசு தனியா ஒரு வாரியமே போட்டுச்சு, அதுவரைக்கும் கட்டணம் இல்லாம இருந்த நகரப் பல்கலைக்கழகம் 1976ல கட்டணம் வாங்க ஆரம்பிச்சுது. கணக்குப் புத்தகத்துல பண்ண தப்புக்கு ஏழை வீட்டுப் பிள்ளைங்க விலை கொடுத்தாங்க. எப்போ படிச்சாலும் எனக்கு வலிக்குது.

ஆனா விதி இருக்குன்னு சொல்லி மன்றம் தப்பிச்சுக்க முடியாது. புதுசா ஒரு நீச்சல் குளம் கட்டுனா அதோட செலவு திறப்பு விழாவோட முடியாது, தண்ணி சுத்தம் பண்ணணும், காவலுக்கு ஆள் வேணும், மோட்டார் ரிப்பேர் ஆகும், இதெல்லாம் வருஷா வருஷம் அந்த ரெண்டாவது பைல இருந்துதான் போகும், அதாவது உங்க உடைஞ்ச ஊஞ்சலுக்கு வரவேண்டிய அதே காசு. புதுசா எதைக் கட்ட ஒப்புதல் கேட்டாலும், அதை 10 வருஷம் நடத்த என்ன ஆகும், அது எந்தக் கணக்குல இருந்து வரும்னு அதே தாள்ல எழுதி வைக்கணும், இல்லைன்னா வாக்கெடுப்புக்கே எடுக்கக் கூடாதுங்கிறது என்னோட உறுதியான கருத்து. அடுத்த கூட்டத்துல இதைக் கேளுங்க.

கேள்வி: ஒரே கூட்டத்துல பத்து நிமிஷத்துல அம்பது தீர்மானம் நிறைவேறுது. யாரும் படிச்சுப் பாத்த மாதிரியே தெரியல. இது சரியா?

பதில்: எல்லாமே தப்புன்னு சொல்ல மாட்டேன். பேனா பென்சில் வாங்குறது, பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குறது மாதிரி சின்னதுகளை ஒண்ணாச் சேர்த்து ஒரே ஓட்டுல முடிக்குறது பல நாட்டு மன்றங்கள்ல இருக்குற வழக்கம்தான், நேரம் மிச்சமாகும். பெரிய விஷயத்தையும் அதே வேகத்துல தள்ளும்போதுதான் ஆபத்து. சிகாகோவுல 2008 டிசம்பர்ல வண்டி நிறுத்துறதுக்குக் காசு வாங்குற நகரத்தோட 36,000 பார்க்கிங் மீட்டரை 75 வருஷத்துக்குத் தனியார் கையில கொடுக்குற ஒப்பந்தம் 115 கோடி டாலருக்கு வந்துச்சு, மேயர் அறிவிச்சு ரெண்டே நாள்ல மன்றம் 40க்கு 5ன்னு ஓட்டுப் போட்டு முடிச்சிடுச்சு. அடுத்த வருஷம் நகரத்தோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகமே (போலீஸ் இல்ல, நகர நிர்வாகத்தைத் தணிக்கை பண்ற அலுவலகம்) ஆராய்ஞ்சு, அந்த மீட்டர்களுக்கு இன்னும் 97 கோடி டாலருக்கு மேல வந்திருக்கணும்னு அறிக்கை கொடுத்துச்சு. அந்த ஒப்பந்தம் 2083 வரைக்கும் ஓடும், அன்னிக்குக் கை தூக்குனவங்க பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும்.

பல ஊர்ல நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்குச் சில நாள் முன்னாடியே வெளிய வந்துடும். அதை வாங்கித் தொகை பெருசா இருக்குறதையும் வருஷக்கணக்கு நீளமா இருக்குறதையும் மட்டும் பாருங்க, மொத்தத்தையும் படிக்க வேண்டாம். உறுத்துனா உங்க உறுப்பினருக்கு ஃபோன் பண்ணி, "இதைத் தனியா எடுத்து விவாதிக்கணும்னு கேளுங்க"ன்னு சொல்லுங்க, பெரும்பாலான மன்றங்கள்ல ஒரே ஒரு உறுப்பினர் கேட்டாலே தனியா எடுப்பாங்க. ஓட்டுக்கு அப்புறம் பண்ற போராட்டத்தை விட, முன்னாடி பண்ற அந்த ஒரு ஃபோனுக்குப் பலன் அதிகம்.

கேள்வி: எதுக்குச் செலவு பண்ணணும்னு மக்களே நேரா முடிவு பண்ண முடியுமா? நடந்திருக்கா?

பதில்: நடந்திருக்கு, நல்லாவே நடந்திருக்கு. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேன்னு ஒரு நகரம், அங்க 1989ல ஆரம்பிச்சாங்க. பகுதி பகுதியா மக்கள் கூடி, முதல்ல ரோடா, குடிதண்ணியா, பள்ளிக்கூடமான்னு பேசி வரிசை போட்டு, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புனாங்க, ஏழைப் பகுதிக்கும் வசதி இல்லாத பகுதிக்கும் கூடுதல் பங்குன்னு கணக்கும் வெச்சாங்க. 1988ல 75 சதவீத வீட்டுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு 1997ல 98 சதவீதம் ஆச்சு. சாக்கடை யாருக்கும் திறப்பு விழா எடுக்கத் தோணாத விஷயம், ஆனா அதுல கால் வெச்சு நடக்குறவங்க கிட்ட கேட்டா அதைத்தான் முதல்ல சொல்வாங்க.

பாரிஸ்ல 2014ல இருந்து மூலதன பட்ஜெட்ல 5 சதவீதத்தை மக்கள் ஓட்டுக்கு விட்டாங்க, ஓட்டுப் போட பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்ல, அந்த ஊர்ல குடியிருந்தாப் போதும். நியூயார்க்ல 2011ல நாலு உறுப்பினர்கள் தங்களுக்குக் கிடைக்குற நிதியில ஒரு பங்கை இப்படி விட்டாங்க, அப்புறம் இன்னும் பல பேர் சேர்ந்தாங்க, இப்ப 11 வயசுப் பிள்ளைங்களே ஓட்டுப் போடுறாங்க.

ஆனா இது தானா நிக்காது. போர்ட்டோ அலெக்ரேலயே ஆட்சிகள் மாற மாற, மக்கள் முடிவு பண்ணதுக்குக் காசு ஒழுங்கா வராம, 2017ல அதை நிறுத்தி வெச்சுட்டாங்க. மேயரோட விருப்பத்துல நடக்குறது மேயர் மாறினா நிக்கும், அதனால எத்தனை சதவீதம்னு விதியில எழுதி வாங்கணும்.

கேள்வி: மானியம் வந்துச்சுன்னா கடைசி மாசத்துல அவசர அவசரமா ஒப்புதல் கொடுக்குறாங்களே, ஏன்?

பதில்: கெடு. அமெரிக்காவுல 2021ல கொரோனா மீட்புக்குன்னு மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் கொடுத்தப்போ, 2024 டிசம்பர் 31க்குள்ள எதுக்குன்னு ஒப்பந்தம் போட்டாகணும், 2026 முடியுறதுக்குள்ள செலவழிச்சாகணும், இல்லைன்னா திருப்பிக் கொடுக்கணும்னு விதி. கெடு இல்லைன்னா காசு தூங்கும், ஆனா திட்டத்தை முன்கூட்டியே தயாரா வெச்சுக்காத மன்றம் கடைசியில சுலபமா முடியுறதையே செய்யும்.

கேள்வி: எங்க பகுதியில பிள்ளைங்களுக்கு மாலை வகுப்பு நடக்குது. இந்த வருஷம் நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு. கட்டடம்னா கண்ணுக்குத் தெரியும், இதை எப்படிக் காப்பாத்துறது?

பதில்: உங்க பயம் நியாயமானது, இந்த மாதிரி திட்டங்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் ஒப்புதல், வருஷா வருஷம் திரும்பக் கேட்டு வாங்கணும், யாரும் கேக்கலைன்னா பட்ஜெட்ல அந்த வரி சத்தமில்லாம காணாமப் போயிடும். பட்ஜெட் வரைவு வெளிய வந்த உடனே போன வருஷ வரைவைப் பக்கத்துல வெச்சு அந்த வரி இருக்கான்னு தேடுங்க. பொதுமக்கள் கருத்துக் கேக்குற கூட்டம் எந்தத் தேதின்னு கேட்டு முன்பதிவு பண்ணுங்க, பேச ரெண்டு மூணு நிமிஷம்தான் கிடைக்கும், எத்தனை பிள்ளைங்க வர்றாங்க, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவாகுதுன்னு ரெண்டே எண்ணைச் சொல்லிட்டு, மிச்ச நேரத்தை அங்க படிக்குற ஒரு பிள்ளையோட அம்மாகிட்ட கொடுத்துடுங்க.