ஷவரை விடுங்கள், முதலில் அப்பாவைக் கிளப்புங்கள்

இன்றைக்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மீதியை வழியில் படித்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பினீர்கள், வந்த ஐந்தாறு நாளில் அவருக்குக் காய்ச்சல். உங்கள் கடிதத்தில் ஷவரில் கருப்பு வழுவழுப்பு, சுவரோரம் இளஞ்சிவப்புக் கறை, இணையத்தில் படித்த லெஜியோனெல்லா (தேங்கிய தண்ணீரில் வளர்ந்து நிமோனியா தருகிற கிருமி) என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "நேற்றிலிருந்து கொஞ்சம் தடுமாறுகிறார், இன்று என்ன கிழமை என்று மூன்று தடவை கேட்டார்." எனக்கு அந்த ஒரு வரி போதும். 68 வயது, விடாத சிகரெட், காய்ச்சலோடு குழப்பம். வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் சில சமயம் இருமல்கூடப் பெரிதாக இருக்காது, பேச்சும் நினைவும்தான் முதலில் தடுமாறும். காய்ச்சல் அசதி என்று விட்டுவிடாதீர்கள். ஒரு முழு நிமிடம் அவர் மூச்சை எண்ணுங்கள். 30-ஐத் தொட்டாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் போகத்தான் வேண்டும்.

வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக் மாத்திரையை மூன்று நாளாகக் கொடுத்தீர்களாம். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? நீங்கள் பயப்படுகிற லெஜியோனெல்லா நம் நுரையீரல் செல்களுக்கு உள்ளேயே புகுந்து பெருகுகிற கிருமி, அதனிடம் அமாக்சிசிலின் பலிக்காது. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துகள்தான் கேட்கும். அதற்காக நேரே மருந்துக்கடைக்குப் போய்விடாதீர்கள்! இது வேறு கிருமியாகவும் இருக்கலாம், அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். ஆஸ்பத்திரிக்குப் போனதும் வீடு பூட்டிக் கிடந்ததையும், வந்ததும் அவர் ஷவரில் குளித்ததையும், எந்த மாத்திரையை எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். லெஜியோனெல்லாவுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஒரு வகையைத்தான் பிடிக்கும். அதனால் அதில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் சளியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, உங்களைத் தூங்கவிடாதது உங்கள் மகள்தான், தாத்தா பக்கத்திலேயே படுக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்குப் போனவர்கள் கொத்தாக நோயில் விழுந்து, அடுத்த ஆண்டு இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து இன்றுவரை ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டியிருக்கலாம் என்று மருத்துவ உலகம் பேசுவது 2014-இல் போர்ச்சுகலில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தைத்தான். பெரும்பாலும் கிருமியுள்ள நீர்த் திவலையை மூச்சில் இழுத்தால்தான் வரும், தாத்தா இருமினால் அல்ல. ஆனாலும் அவருக்கு வந்திருப்பது ஃப்ளூவாக இருக்கலாம் இல்லையா, அதனால் என்ன நோய் என்று தெரியும்வரை அவளை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

இளஞ்சிவப்புக் கறையைத் தேய்த்துக் கழுவுங்கள், அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய ஷவர் ஆராய்ச்சி, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தார் பல நகரங்களின் ஷவர் தலைகளைச் சோதித்து 2009-இல் வெளியிட்டது. அதில் அதிகமாக இருந்த மைகோபாக்டீரியம் ஏவியம் வேறு கிருமி, ஆரோக்கியமானவர்களை அது அநேகமாக ஒன்றும் செய்யாது. லெஜியோனெல்லாவுக்குப் பிடித்தது 20 முதல் 45 டிகிரி வரை தேங்கி நிற்கிற தண்ணீர், 60 டிகிரியில் தாங்காது. ஷவர் தலையைக் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள், இல்லை புதிதாக மாற்றிவிடுங்கள். வெந்நீர், தண்ணீர் இரண்டு குழாயையும் சில நிமிடம் திறந்துவிட்டு, திவலை மூச்சில் போகாதபடி வெளியே வந்துவிடுங்கள். ஹீட்டரை 60-இல் வைத்தால் குழந்தைக்குக் கை வெந்துவிடும், வெந்நீர்க் குழாயை அவளைத் தொடவிடாதீர்கள். இதெல்லாம் நாளைக்குச் செய்தால் போதும்.