பலமுறை வாசித்தும் புத்தகத்தை மூடினால் வராதது ஏன்?

கேள்வி: பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கிறேன். என் குறிப்புகளைப் பலமுறை வாசித்துவிட்டேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலத்தான் இருக்கிறது. அடுத்த வரி என்ன என்றுகூடச் சொல்லிவிடுவேன். புத்தகத்தை மூடினால் பாதிகூட வருவதில்லை. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் மூளையின் செயல்பாடு குறைந்துவிடும் என்று படித்தேன். அப்படியென்றால் வாசிக்க வாசிக்க மூளை மழுங்குகிறதா? எனக்கு நினைவாற்றல் கோளாறா?

பதில்: முதலில் கோளாறு பற்றிய பயத்துக்கு வருகிறேன். பழகிய வழி மறந்துபோவது, செய்துகொண்டிருக்கும் வேலையிலேயே தடுமாறுவது, சற்றுமுன் பேசியதையே மறுபடி கேட்பது, இப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். புத்தகத்தை மூடினால் வரவில்லை என்பது மட்டும்தான் சிக்கல் என்றால், அது படிக்கும் முறையால் வருவது. யாருக்கும் வரும்.

மூளையின் செயல்பாடு குறைகிறது என்று நீங்கள் படித்தது சரிதான். ஒரு படத்தையோ முகத்தையோ சொல்லையோ முதல்முறை பார்க்கும்போது அதை இனங்காணும் மூளைப் பகுதிகளில் நரம்பணுக்கள் பலமாகத் துடிக்கின்றன. அதையே மறுபடி காட்டினால் துடிப்பு குறைகிறது. குரங்குகளின் மூளையில் தனித்தனி நரம்பணுக்களை அளந்தபோதும் இதைப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களை ஸ்கேன் செய்தபோதும் பார்த்திருக்கிறார்கள். 1992-இல் லாரி ஸ்குவயர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சற்றுமுன் பார்த்த சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் காட்டிச் சொல்லை நிரப்பச் சொன்னார்கள். அந்தச் சொற்களுக்கு, மூளையின் வலது பின்பகுதியில் இரத்த ஓட்டம் மற்றச் சொற்களைவிடக் குறைவாக இருந்தது.

ஆனால் துடிப்பு குறைவதை மழுங்கல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே நேரத்தில் அந்த மனிதர் அந்தப் பொருளை வேகமாகவும் பிழை குறைவாகவும் அடையாளம் காண்கிறாரே! இது எப்படி நடக்கிறது என்பதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. எல்லா அணுக்களும் சமமாகச் சோர்கின்றன என்பது ஒன்று. அந்தப் பொருளுக்குப் பொருத்தமில்லாத அணுக்கள் விலகிக்கொள்ள, பொருத்தமானவை மட்டும் மிஞ்சுகின்றன என்பது இன்னொன்று. மூன்றாவது, வேலை சீக்கிரமே முடிந்துவிடுவதால் மொத்தத் துடிப்பு குறைவாகத் தெரிகிறது என்பது. எது சரி என்ற விவாதம் முடியவில்லை. மூளையில் இடத்துக்கு இடம் மாறலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்படி, நாம் அறியாமலேயே மூளையில் பதிந்து அடுத்தமுறை வேலையை எளிதாக்கும் பதிவுக்கு மறைநினைவு என்று பெயர். நாமே தேடி எடுத்துச் சொல்லும் நினைவு வேறு வகை. இந்த இரண்டும் தனித்தனி என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடையே.

இது தெரியவந்தது ஞாபகம் இழந்தவர்களிடமிருந்து. ஹென்றி மோலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக 1953-இல் அறுவை செய்து, மூளையின் இரு பக்கமும், புதிய நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் கணிசமான பங்கை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் இதை முன்பு செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. பிறகு 1968-இல் எலிசபெத் வாரிங்டனும் லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸும் ஞாபக இழப்பு நோயாளிகளுக்குக் கோடுகள் விடுபட்ட படங்களைக் காட்டினார்கள். முதலில் படம் பெருமளவு முழுமையானால்தான் என்னவென்று தெரியும். திரும்பத் திரும்பப் பார்த்தபின் சில கோடுகளே போதுமாக இருந்தது. முன்பு பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

உங்களுக்கு இரண்டு நினைவும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மறுவாசிப்பு அதிகமாகத் தீனி போடுவது மறைநினைவுக்கு. அந்தப் பக்கத்தைக் கண் வேகமாக ஓட்டுகிறது, சொற்கள் தடையில்லாமல் வருகின்றன. அந்தச் சரளத்தை மனம் ‘இது எனக்குத் தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. இந்த ஏமாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1989-இல் லாரி ஜேக்கோபி குழுவினர் வெளியிட்ட ஆய்வு நல்ல சாட்சி. யாரென்றே தெரியாத சாதாரண மனிதர்களின் பெயர்களை ஒருமுறை வாசிக்க வைத்தார்கள். மறுநாள், புதிதாகக் காட்டிய சாதாரணப் பெயர்களைவிட அந்தப் பெயர்களைத்தான் பிரபலங்களின் பெயர்கள் என்று மக்கள் அதிகமாகத் தவறாக நினைத்தார்கள். எங்கே பார்த்தோம் என்பது மறந்துவிட்டது, பழகிய உணர்வு மட்டும் மிஞ்சியது.

இந்தச் சரளம் பார்த்த வடிவத்தோடு ஒட்டியதும்கூட. கண்ணால் வாசித்த சொல்லைக் காதால் கேட்கும்போது இந்த உதவி வெகுவாகக் குறைகிறது. உங்களுக்கு அடுத்த வரி தெரிவதற்கு முந்தைய வரி கண்முன் இருப்பதே பெரிய காரணம். தேர்வில் அந்தப் பக்கம் இருக்காது, கேள்விதான் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? மிக முக்கியமானது, மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்ப்பது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு ஒரு பகுதியை நான்கு கட்டங்களிலும் வாசித்தது. இன்னொரு குழு முதல் கட்டத்தில் மட்டும் வாசித்து, மற்ற மூன்றிலும் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்துக்கொண்டே இருந்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். நாளைக்கே தேர்வு என்றால் வேறு விஷயம். வாரங்கள் இருக்கின்றன என்றால் எழுதிப் பாருங்கள். ஒரு தலைப்பை ஒருமுறை கவனமாக வாசியுங்கள், மூடுங்கள், வந்ததை எழுதுங்கள், அப்புறம் திறந்து விட்டதையும் பிழையையும் திருத்துங்கள். திருத்தாமல் விட்டால் தவறே பதிந்துவிடும்.

அடுத்தது இடைவெளி. ஒரே மூச்சில் ஒன்றையே மறுபடி மறுபடி பார்க்கும்போதுதான் மூளையின் துடிப்பு அதிகமாகக் குறைகிறது. முகங்களை வைத்துச் செய்த 2011-ஆம் ஆண்டு ஸ்கேன் ஆய்வில், அடுத்தடுத்துக் காட்டிய முகங்களைவிட இடைவெளி விட்டுக் காட்டிய முகங்களுக்குத் துடிப்பு அவ்வளவாகக் குறையவில்லை, பின்னர் அவைதான் நன்றாக நினைவிலும் நின்றன. ஆகவே ஒரே அத்தியாயத்தை ஒரே மாலையில் மூன்றுமுறை ஓட்டாதீர்கள். இன்று ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை என்று பிரியுங்கள். ஒவ்வொரு முறையும் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முந்தைய கேள்வியே அடுத்த விடைக்குக் குறிப்பாகிவிடும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் சில நாட்கள் இந்த முறை மோசமாகத் தோன்றும். வெறும் தாளைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள், நேற்று சரளமாக ஓடியது இன்று முட்டும். நான் சொன்ன 2006 ஆய்விலும், ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான். ஆகவே இன்றைய படிப்பு எப்படிப் போனது என்பதை வாசிக்கும்போதே முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாள் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல் எழுதும் தாளை வைத்து முடிவு செய்யுங்கள்.