சென்டர்லிங்க் கடன் கடிதம்: சீட்டை எடுக்க வேண்டாம், முதலில் கணக்கைக் கேளுங்கள்

கேள்வி: நாங்கள் சிட்னியில் இருக்கிறோம். எட்டு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்காக அரசு சென்டர்லிங்க் வழியாகத் தரும் ஃபமிலி டாக்ஸ் பெனிஃபிட் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. கணவரின் வருமானம் 68,000 டொலர் வரும் என்று கொடுத்திருந்தோம். ஓவர்டைமோடு 76,000 வந்துவிட்டது. சின்னவள் பிறந்த பிறகு வீட்டிலேயே இருந்த நான், 2025 பெப்ரவரியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஜூன் முடிய 14,000 டொலர் உழைத்தேன். இருவரும் டாக்ஸ் ரிட்டர்ன் போட்ட கொஞ்ச நாளில், கூடுதலாக வாங்கிய 5,390 டொலரைத் திருப்பிக் கட்டச் சொல்லி, அரசின் இணையக் கணக்கான மைகவ்வில் கடிதம் வந்திருக்கிறது. வேலை தொடங்கியதை ஆப்பில் பதிந்த ஞாபகம் இருக்கிறது, ஆனால் உறுதியில்லை. "நீ வேலைக்குப் போனதால் வந்த வினை" என்கிறார் கணவர். கழிவு போட்டுச் சீட்டை எடுத்து உடனே கட்டிவிடுவோம் என்றும் சொல்கிறார். எங்கள் மேல் வழக்கு வருமா? இரவில் நித்திரை வருவதில்லை.
வாசகி, பென்டில் ஹில்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் நித்திரை கொள்ளுங்கள். வருமானத்தை மனமறிந்து குறைத்துக் காட்டி, தெரிந்தே காசு வாங்கினால்தான் அது குற்றம். ஒரு வருடத்தில் எவ்வளவு வரும் என்று நேர்மையாகச் சொன்ன மதிப்பீடு பிசகியது குற்றமாகாது. இந்தக் காசு தரப்படும் முறையிலேயே அந்தப் பிசகுக்கு இடம் இருக்கிறது. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையான முழு வருட வருமானத்தை வைத்துத்தான் சட்டம் உங்கள் தொகையை நிர்ணயிக்கிறது. பிள்ளைக்குச் சாப்பாடும் சப்பாத்தும் வருடம் முடியும்வரை காத்திருக்காது என்பதால், ஊகத்தை நம்பி முன்கூட்டியே தருகிறார்கள். பிறகு டாக்ஸ் ரிட்டர்னில் வந்த உண்மைத் தொகையோடு ஒப்பிட்டுக் கணக்கை நேர் செய்கிறார்கள். குறையத் தந்திருந்தால் மிச்சம் வரும், கூடத் தந்திருந்தால் கடிதம் வரும்.

எனக்கும் ஒருமுறை இப்படி ஒரு கடிதம் வந்தது. முந்திய வருடம் கொடுத்த தொகையையே யோசிக்காமல் மறுபடி கொடுத்திருந்தேன். பயத்தில் மூன்று கிழமை அந்த உறையைச் சமையலறை லாச்சிக்குள் வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் அந்த லாச்சியைத் தாண்டிப் போய் வந்தேன். கடைசியில் பிரித்து ஒரு தாளில் கணக்குப் போட்டபோதுதான் மூச்சு வந்தது. நீங்களும் ஒரு தாளை எடுங்கள்.

68,000 வரும் என்று சொன்ன இடத்தில், இருவருக்குமாக 90,000 வந்திருக்கிறது. கூடியது 22,000. 2024-25இல் குடும்ப வருமானம் ஏறத்தாழ 65,000 டொலரைத் தாண்டியதும், மேலே வரும் ஒவ்வொரு டொலருக்கும், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தரும் பகுதியான பார்ட் ஏ தொகையில் 20 சதம் குறைந்தது. 22,000க்கு 4,400 டொலர். அடுத்தது பார்ட் பி, பெரும்பாலும் ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்குத் தரும் மேலதிகப் பகுதி. அந்த வருடம், தம்பதியரில் குறைவாக உழைப்பவரின் வருமானம் ஏறத்தாழ 6,800ஐத் தாண்டியதும் அதற்கும் டொலருக்கு 20 சதம் கழிந்தது. உங்கள் 14,000இல் 6,800 போக மிச்சம் 7,200. அதற்கு 1,440. இரண்டும் சேர்ந்து 5,840. வருட முடிவில் பார்ட் பியோடு உங்களுக்கு வரவேண்டிய சப்ளிமென்ட் என்ற மேலதிகத் தொகை சுமார் 450 டொலரை இதில் கழித்துக்கொண்டால் 5,390.

ஆக, உங்கள் கடிதத்தில் உள்ள தொகை நீங்கள் சொன்ன வருமானத்தோடு ஒத்துப்போகிறது. சென்டர்லிங்க் கணினி மூலம் கடன் சுமத்திய ரோபோடெட் விவகாரத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது அதே மாதிரிதானோ என்று தோன்றும். அங்கே வரித் திணைக்களத்தின் வருட வருமானத்தை எல்லாக் கிழமைகளுக்கும் சமமாகப் பங்கு போட்டு, இல்லாத கடனைச் சனங்களின் தலையில் கட்டினார்கள். கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் 2023 ஜூலையில் அதைப் பற்றி மிகக் கடுமையான அறிக்கை கொடுத்தது. ஃபமிலி டாக்ஸ் பெனிஃபிட் தொடக்கத்திலிருந்தே வருட வருமானக் கணக்கு, ஆகவே இது அந்த வகை அல்ல. அதற்காகக் கடிதத்தில் வந்த தொகை எப்போதும் சரி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

உங்கள் விஷயத்தில் நான் கட்டாயம் கேட்டுப் பார்க்கச் சொல்லும் ஒரு இடம் இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு முதல் முறையாகத் திரும்ப வேலைக்குப் போகிறவருக்குப் பார்ட் பியில் ஒரு தனி விதி உண்டு. நிபந்தனைகள் பொருந்தினால், வேலை தொடங்கும் முன்னான மாதங்களுக்கு உங்கள் சம்பளம் பார்ட் பியைக் குறைக்காது. நீங்கள் சின்னவள் பிறந்ததிலிருந்து பெப்ரவரி வரை வீட்டில் இருந்தவர். கடிதக் கணக்கைப் பார்த்தால் இந்த விதி சேர்க்கப்படவில்லை போலத்தான் தெரிகிறது. வேலை தொடங்கிய தேதியைச் சொல்லி, இது எனக்குப் பொருந்துமா என்று நேராகக் கேளுங்கள். பொருந்தினால் அந்த 1,440இல் ஒரு பகுதி குறையும்.

அடுத்து, ஆப்பில் பதிந்த விஷயம். நினைவை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ரசீது இலக்கம் வரும், மைகவ்வின் பழைய கடிதங்களில் அது இருக்கும், தேடுங்கள். உள்ளதைச் சொல்கிறேன்: வேலை தொடங்கியதை மட்டும் பதிந்து, வருட மதிப்பீட்டை மாற்றாமல் விட்டிருந்தால் இந்தக் கடனைத் தள்ளுபடி செய்விப்பது கடினம். தவறு முழுக்க முழுக்க அவர்களுடையது என்றும், நீங்கள் நல்லெண்ணத்தில்தான் வாங்கினீர்கள் என்றும், திருப்பிக் கட்டினால் கடும் பண நெருக்கடி வரும் என்றும் காட்ட முடிந்தால்தான் அந்த வழி திறக்கும். புதிய மதிப்பீட்டையே கொடுத்து, அது ஏறாமல் போயிருந்தால் உங்கள் பேச்சு பலமாகும். குடும்ப வன்முறை, கடும் நோய் போன்ற விசேஷ சூழ்நிலைகளில் தள்ளுபடி கேட்க வேறொரு பிரிவும் இருக்கிறது. அந்த நிலையில் இருக்கும் வாசகர்கள் தனியாகப் போராடாமல் ஒரு இலவச சட்ட உதவி மையத்தில் கதையுங்கள். சிட்னியில் வெல்ஃபேர் ரைட்ஸ் சென்டர் இதே வேலையைத்தான் செய்கிறது.

கதைப்பதற்கு 131 202 என்ற பலமொழி இலக்கத்தை எடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், செலவில்லை. தயவுசெய்து எட்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்து மொழிபெயர்க்க விடாதீர்கள். நம் வீடுகளில் இது நடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்பா அம்மாவின் கடனை அந்தப் பிள்ளை தன் தலையில் சுமக்கத் தொடங்கிவிடும். பெரியவர்களுக்கே புரியாத சொற்கள் அவை. கணக்கை விளக்குங்கள் என்று முதலில் கேளுங்கள். விளக்கம் திருப்தியில்லை என்றால், முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள் என்ற சொற்களையே சொல்லுங்கள். குறை சொன்னதாக மட்டும் பதிந்தால் கோப்பு நகராது. குடும்பக் கொடுப்பனவு முடிவுகளுக்கு, அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து 52 கிழமைக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். முடிவெடுத்தவர் இல்லாமல் வேறொரு அதிகாரி முழுதாகப் பார்ப்பார். அங்கும் சரிவராவிட்டால் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவியூ டிரைபியூனல் இருக்கிறது. பழைய ஏஏடிக்குப் பதிலாக 2024 அக்டோபரில் வந்த தீர்ப்பாயம் அது. இந்த வகை வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

சரி, கட்டத்தான் வேண்டும் என்று வந்தால்? சீட்டுக்குக் கழிவு கொடுப்பதும் வட்டி கொடுப்பதும் ஒன்றுதான். தவணை ஏற்பாடு செய்து ஒழுங்காகக் கட்டுகிறவரிடம் இந்தக் கடனுக்கு வட்டி கேட்பதில்லை. வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக் காசு எடுப்பானேன்? கிரெடிட் கார்டும் வேண்டாம், நகை அடகும் வேண்டாம். இப்போது வருகிற கொடுப்பனவில் ஒரு பகுதியை அவர்களாகவே பிடிக்கத் தொடங்கலாம், டாக்ஸ் ரீஃபண்டிலிருந்தும் எடுக்கலாம். பிடிக்கும் தொகை தாங்க முடியாவிட்டால் வாடகை, சாப்பாடு, பெற்றோல், பிள்ளைப் பராமரிப்புச் செலவுகளை எழுதி வைத்துக்கொண்டு, குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கடிதத்தில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்கு முன் கேளுங்கள். ஏற்பாடு எதுவும் செய்யாமல் மௌனமாக இருப்பவர்களிடம்தான் இந்த இடத்தில் நிலைமை முற்றுகிறது. வேறு கடன்களும் சேர்ந்து அழுத்தினால் 1800 007 007 என்ற தேசியக் கடன் உதவி இலக்கத்தில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

இனி உங்கள் கணவருக்கு ஒரு சொல். அண்ணன், 'நீ வேலைக்குப் போனதால் வந்த வினை' என்பதையும் கணக்காகவே பார்ப்போம். தங்கை உழைத்த 14,000ஆல் பார்ட் ஏயில் 2,800 குறைந்தது, பார்ட் பியில் 1,440 குறைந்தது. குடும்ப வருமானம் 80,000ஐத் தாண்டியதால் இரண்டு பிள்ளைகளுக்கும் வரவேண்டிய பார்ட் ஏ சப்ளிமென்ட், ஏறத்தாழ 1,800, அதுவும் போயிற்று. எல்லாம் சேர்ந்து ஆறாயிரம். சிறிய தொகையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த நான்கு ஐந்து மாதத்தில் எட்டாயிரம் டொலர் மிச்சமாக வீட்டுக்கு வந்திருக்கிறது. அவர் பெயரில் சூப்பர் என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் காசும் சேர்கிறது. உங்கள் ஓவர்டைம் 8,000மும் இந்தக் கடனில் 1,600 டொலருக்குக் காரணம். இருவரும் குடும்பத்துக்காகத்தான் உழைத்தீர்கள். மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு முதியவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உணவூட்டி வரும் பெண்ணுக்கு வீட்டில் இந்தச் சொல் வேண்டாம்.

தங்கை, இந்தக் கடனை விட எனக்குக் கவலை தருவது இந்த வருட மதிப்பீடு. அது இன்னும் 68,000 என்றே கிடந்தால், இரண்டு கிழமைக்கு ஒருமுறை அடுத்த கடன் வளர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது உங்களுக்கு முழு வருடச் சம்பளம். அது ஏறத்தாழ 35,000ஐத் தாண்டினால் பார்ட் பி கிடைக்காது. இன்றிரவே மைகவ்வில் இருவரின் தொகையையும் மாற்றுங்கள். ஓவர்டைம், வரிக்கு முந்திய சம்பளத்திலிருந்து (சாலரி சாக்ரிஃபைஸ்) சூப்பரில் போடும் காசு, ஊரில் வீடு வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகை எல்லாம் சேர வேண்டும். இங்கே முதலீட்டு வீடு வைத்து நட்டம் காட்டுகிறவர்கள் கவனியுங்கள். வரிக்குக் கழிக்கும் அந்த நட்டத்தை இந்தக் கணக்கில் திரும்பக் கூட்டிக்கொள்வார்கள். பிள்ளைப் பராமரிப்பு மானியமும் இதே மதிப்பீட்டில்தான் ஓடுகிறது. அதில் வழக்கமாக 5 சதவீதம் பிடித்து வைப்பதால் அங்கே அடி கொஞ்சம் மெதுவாக விழும். ஓவர்டைம் எவ்வளவு வரும் என்று சொல்லவே முடியாத வீடுகளில், பார்ட் ஏயின் அடிப்படைத் தொகையை மட்டும் இப்போது வாங்கி, மிச்சத்தை வருட முடிவில் மொத்தமாக எடுப்பதுதான் நல்லது என்பேன். மாதச் செலவு இறுகும், தெரியும். ஆனாலும் அடுத்த வருடம் மைகவ்வைத் திறக்கும்போது கை நடுங்காது.

டாக்ஸ் ரிட்டர்னே போடாமல் விட்டு, வருடம் முழுக்க வாங்கிய தொகை அத்தனையையும் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்தவர்களும் எழுதியிருந்தீர்கள். வருடம் முடிந்து 12 மாதத்துக்குள் இருவரும் ரிட்டர்ன் போட வேண்டும், அல்லது போடத் தேவையில்லை என்று அறிவிக்க வேண்டும். பிந்தியாவது போட்டுவிடுங்கள். உண்மை வருமானம் தெரிந்ததும் கடன் பெரும்பாலும் சுருங்கும்.

கடன் என்று சொல்லிக் கைப்பேசிக்கு இணைப்போடு குறுஞ்செய்தி வந்தால் அதைத் தொட வேண்டாம். மைகவ் அப்படி இணைப்பு அனுப்புவதில்லை. நீங்களே ஆப்பைத் திறந்து பாருங்கள்.

திங்கள் காலை சின்னவளை விட்டுவிட்டு வந்து அழைப்பை எடுங்கள். காத்திருக்க நேரமாகும், தேத்தண்ணி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரோடு கதைத்தீர்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், ரசீது இலக்கம் என்ன என்று நாம் கணக்குப் போட்ட அதே தாளின் பின்பக்கம் எழுதி, கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பார்ட் பி விதிக்கு என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.